15 நாளும் 12 நாளும்: திடீர் சிறுநீரக பாதிப்பில் ஒரு ஸ்டெம் செல் சோதனை

இதய அறுவை முடிந்து ஐசியூவுக்கு வரும் நோயாளியின் கட்டிலோரம் ஒரு யூரின் பை தொங்கும். வார்டில் பார்க்கும் சாதாரணப் பை அல்ல. அதன் மேல்பகுதியில் மில்லிக் கோடுகள் போட்ட ஒரு சிறிய அறை இருக்கும். நர்ஸ் மணிக்கொரு தரம் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்து சார்ட்டில் எழுதுவார். பிறகு அறையின் அடைப்பைத் திறந்து, சேர்ந்ததைக் கீழே பெரிய பைக்குள் விடுவார். 60, 55, 40, 25, 15. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 35 மில்லிக்குக் குறைவாகத் தொடர்ந்து ஆறு மணி நேரம் போனால், திடீர் சிறுநீரக பாதிப்பு என்று சொல்லிவிடலாம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் மருத்துவர்களான எங்கள் கையில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டால், பழுதான சிறுநீரகத்தைச் சரி செய்யும் மருந்து எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்தை விழாமல் பிடித்து வைப்போம், சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளை நிறுத்துவோம், நீரையும் பொட்டாசியத்தையும் கவனிப்போம், தேவைப்பட்டால் டயாலிசிஸ். மற்றதைச் சிறுநீரகமே செய்துகொள்ள வேண்டும். இந்த வெறுமைதான் ஸ்டெம் செல் என்ற சொல்லுக்கு இவ்வளவு ஈர்ப்பைக் கொடுத்தது. அந்த நம்பிக்கை முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்தச் சோதனையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், சிறுநீரகம் ஏன் அடிபடுகிறது என்பதைப் பார்ப்போம். இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வெளிப்பகுதியான புறணியோடு நின்றுவிடும். உள்ளே அகணிப் பகுதிக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் சாதாரண நாளிலேயே குறைவு. அந்த எல்லையில்தான், சிறுநீர் உருவாகும் நுண்குழல்களின் கடும் உழைப்பாளிச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. உப்பை ஓயாமல் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும் செல்கள் அவை. உழைப்பு அதிகம், வரவு குறைவு, சேமிப்பு கிடையாது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் ஓடும்போது அழுத்தம் குறைகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன, உடல் முழுக்க அழற்சி கிளம்புகிறது. முதல் அடி அந்தச் செல்களுக்குத்தான் விழும். இதய அறுவை செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வரை ஏதோ ஓர் அளவுக்குச் சிறுநீரக பாதிப்புக்கு உள்ளாகிறார்கள். டயாலிசிஸ் வரை போவோர் நூற்றில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை.

ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாம்புக்கடியோ வயிற்றுப்போக்கோ கிருமித் தொற்றோ வந்தால் சிறுநீரகம் எந்த மணிக்கு அடிபட்டது என்று யாருக்கும் தெரியாது. இதய அறுவையில் நேரத்தைக் குறித்தே சொல்லலாம். அதனால்தான் ஸ்டெம் செல் சோதனைக்கு இந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி அந்தச் செல்களைப் பற்றி. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவிட்டு, ஆய்வகத்தில் பெருக்கும் செல்கள் இவை. மீசென்கைமல் ஸ்டெம் செல் என்று 1991-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க உயிரியலாளர் ஆர்னால்ட் கேப்ளன். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் இவற்றை மாற்ற முடியும் என்பதால் அந்தப் பெயர். அப்படியானால் சிறுநீரகத்துக்குள் போனால் சிறுநீரகச் செல்லாகவும் மாறுமோ என்ற ஆசை 2000-களின் தொடக்கத்தில் பலருக்கும் இருந்தது. 2004-இல் இத்தாலியின் பெர்காமோவைச் சேர்ந்த மோரிஜி குழு, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் சிறுநீரகம் கெட்ட எலிகளுக்கு இந்தச் செல்களைக் கொடுத்து, அவை தேறியதைக் காட்டியது.

அடுத்த ஆண்டு டோகெல், வெஸ்டன்ஃபெல்டர் குழு வெளியிட்ட எலி ஆய்வு என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. இரண்டு சிறுநீரகங்களின் ரத்தக் குழாய்களையும் 40 நிமிடம் இறுக்கி, பிறகு விட்டார்கள். கழுத்துத் தமனி வழியாக ஓர் எலிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் செல்கள். சில எலிகளுக்கு உடனே, சிலவற்றுக்கு 24 மணி நேரம் கழித்து. இரு விதத்திலும் சிறுநீரகம் மேம்பட்டது. ஒப்பிடுவதற்காக, இணைப்புத் திசுவின் சாதாரணச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் பயன் இல்லை. ஆக, ஏதோ ஒரு செல்லைச் செலுத்தினாலே போதும் என்பதல்ல.

செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, உயிருள்ள எலியின் சிறுநீரகத்துக்குள்ளேயே நுண்ணோக்கியால் அவற்றைப் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள். வடிகட்டும் முடிச்சுகளில் சில தெரிந்தன, நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் கொஞ்சம் ஒட்டியிருந்தன. மூன்று நாளுக்குள் ஒன்றுகூட நுண்குழல் செல்லாக மாறவில்லை. ஆனாலும் சிறுநீரகம் தேறியிருந்தது. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன, அடக்கும் சமிக்ஞைகள் கூடியிருந்தன. அதாவது இந்தச் செல்கள் இடிந்த சுவருக்குச் செங்கலாகப் போய் உட்காரவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து, சில வேதிப்பொருள்களைச் சுரந்து, சண்டையை அடக்கிவிட்டுப் போய்விட்டன. பெயர் வைத்த கேப்ளனே 2017-இல், ஸ்டெம் செல் என்ற சொல் இவற்றுக்குப் பொருந்தாது, பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். அந்த வேண்டுகோளை விளம்பரம் போடுகிறவர்கள் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

எலியிலிருந்து மனிதனுக்கு வந்தபோது முதலில் பாதுகாப்புச் சோதனை நடந்தது. சிறுநீரகம் கெட வாய்ப்பு அதிகமுள்ள 16 இதய அறுவை நோயாளிகளுக்கு, அறுவை முடிந்ததும் செல்கள் செலுத்தப்பட்டன. பெரிய தொல்லை எதுவும் வரவில்லை. அதே மருத்துவமனையின் பழைய நோயாளிகளுடைய பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது சிறுநீரக பாதிப்பும் குறைவு, மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒப்பீடு நடந்தது பழைய பதிவேடுகளோடு, அதே நாளில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரோடு அல்ல. இன்னொன்று, செல்கள் கொடுக்கப்பட்டது பாதிப்பு வெளியே தெரிவதற்கு முன்பு.

அப்புறம்தான் பெரிய சோதனை. அலோக்யூர் என்ற அமெரிக்க நிறுவனம் தயாரித்த ஏசி607 என்ற செல் மருந்து. வட அமெரிக்காவில் 27 மையங்கள். இதய அறுவைக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் ஏறியவர்களைத்தான் சேர்த்தார்கள். மொத்தம் 156 பேர் சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, அவர்களில் 135 பேருக்குத்தான் ஊசி போனது: 67 பேருக்குச் செல்கள், 68 பேருக்குச் செல் இல்லாத மருந்துப்போலி. தனக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்த்துக்கொள்ளும் மருத்துவருக்கும் தெரியாது.

செலுத்திய விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் செல்களைச் சாதாரணமாகக் கை நரம்பில் ஏற்றினால் அவை முதலில் போய்ச் சேரும் இடம் நுரையீரல். நுரையீரலின் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களைவிடச் செல்கள் பெரியவை, அதனால் பெரும்பகுதி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் பெருந்தமனிக்குள்ளேயே செலுத்தினார்கள். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை மேலே ஏற்றி, சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே கொண்டு நிறுத்தி, அங்கே மருந்தை விடுவது. நெஞ்சைத் திறந்து மூடிச் சில நாளே ஆன மனிதருக்குச் செய்யும் காரியம் இது. மருந்துப்போலிக் குழுவில் இருந்த 68 பேரும் இதே குழாயைத் தாங்கிக்கொண்டார்கள். தங்களுக்கு ஒரு பயனும் இல்லாமல் போகலாம் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டவர்கள். அவர்கள் இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு விடையே கிடைத்திருக்காது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

முடிவு 2018-இல் வெளியானது. கிரியேட்டினின் பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை நாள் ஆனது என்பதுதான் முக்கியக் கேள்வி. செல் பெற்றவர்களின் இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் கணக்கு, 15 நாள். மருந்துப்போலி பெற்றவர்களின் இடைநிலை 12 நாள்.

செல் பெற்றவர்கள் தாமதமாகத் தேறினார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. இரு குழுக்களின் மீட்சி வேகத்தின் விகிதம் 0.81; அது ஒன்று என்றால் இருவரும் ஒரே வேகம். அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, 0.53 முதல் 1.24 வரை. எல்லைக்குள்ளேயே ஒன்று என்ற எண் இருப்பதால், இரு குழுக்களுக்கும் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. 30 நாளில் இறந்தவர்கள் செல் குழுவில் 16.7 சதவீதம், மருந்துப்போலிக் குழுவில் 11.8. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 10.6, 7.4. இவையும் தற்செயலாக வரக்கூடிய வேறுபாடுகள்தான். செல் கெடுதல் செய்தது என்று நிரூபணம் இல்லை. ஆனால் எந்த வரிசையைப் பார்த்தாலும் செல்லின் பக்கம் சாயும் எண் ஒன்றுகூடக் கிடையாது.

எலியில் வேலை செய்தது மனிதரில் ஏன் செய்யவில்லை? முதலில் நேரம். கிரியேட்டினின் மெதுவாகத் தகவல் சொல்லும் தூதன். வடிகட்டும் திறன் பாதியாக விழுந்தாலும் ரத்தத்தில் அது சேர்ந்து கண்ணில் படும் அளவுக்கு ஏற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சின்சினாட்டியில் இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2005-இல் வந்தது. அதில் 20 குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்தது. கிரியேட்டினின் அதைக் காட்ட ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. என்கால் என்ற புரதமோ இரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரில் ஏறிவிட்டது. ஏசி607 சோதனையில் சேரக் கிரியேட்டினின் ஏறியிருக்க வேண்டும் என்பதே விதி. அதாவது நெருப்பு எரிந்து அடங்கும் நேரத்தில் தண்ணீர் வண்டி வந்து சேர்ந்தது.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. எலிக்கு 24 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் வேலை செய்ததே! அதனால் எலி யார், நோயாளி யார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆய்வக எலி இளசு. அதற்குச் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஏற்கெனவே பாதி தேய்ந்த சிறுநீரகம் இல்லை. ரத்தக் குழாயை இறுக்கி விட்டதைத் தவிர அதற்கு வேறு கேடு நேரவில்லை. இதய அறுவைக்கு வருபவர்களில் பலர் முதியவர்கள், ரத்தக் குழாய்கள் இறுகியவர்கள். அறுவைக்குப் பிறகும் அழுத்தம் மறுபடி மறுபடி விழும், தொற்று வரும். ஒருமுறை விழுந்த அடியைத் துடைக்கும் மருந்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் விழும் அடிகளை என்ன செய்யும்? செல்களோ சில நாட்களில் உடலைவிட்டு மறைந்துவிடுபவை.

செல்லின் நிலையும் ஒரு காரணமாக இருக்கலாம். பல மையங்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால் செல்களை உறைய வைத்துத்தான் அனுப்ப முடியும். உருக்கிய உடனே இந்தச் செல்களின் அழற்சியை அடக்கும் திறன் மங்கியிருக்கிறது என்று 2012-இலேயே ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் வளர்ப்பில் வைத்தால் திறன் திரும்புகிறது. ஆனால் அவசர நோயாளிக்கு யார் ஒன்றிரண்டு நாள் காத்திருப்பது?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த 12 நாள். செல் எதுவும் பெறாதவர்களின் சிறுநீரகமும் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. நுண்குழலின் ஒரு பகுதிச் செல்கள் செத்து உதிர்ந்தால், பிழைத்திருக்கும் பக்கத்துச் செல்கள் தட்டையாகிப் பரவி, பிரிந்து, இடைவெளியை மூடுகின்றன. வெளியிலிருந்து வந்த செல்கள் அல்ல, நுண்குழலின் சொந்தச் செல்களே இதைச் செய்கின்றன என்று 2008-இல் ஹம்ஃப்ரீஸ் குழு எலிகளில் மரபணு அடையாளம் வைத்துக் காட்டியது. திடீர் பாதிப்பு வந்த சிறுநீரகம் பல நேரம் தானே ஆறும் உறுப்பு. அதனால்தான் இந்த நோயில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது வேலை செய்ததுபோல் தெரியும். பக்கத்தில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 67 பேருக்கு மட்டும் செல் கொடுத்திருந்தால், பெரும்பாலோர் தேறியதைப் பார்த்து நாமே கைதட்டியிருப்போம். 16 பேர் சோதனையின் நல்ல செய்தி இப்படித்தான் வந்திருக்கக்கூடும்.

இதே மயக்கத்தைக் காசாக்கும் இடங்களும் இருக்கின்றன. 2010-இல் தாய்லாந்திலிருந்து வெளியான ஒரு நோயாளி அறிக்கையை எங்கள் துறையில் படிக்காதவர்கள் குறைவு. அது திடீர் பாதிப்பு அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் படிப்படியாகக் கெட்டுக்கொண்டிருந்த 46 வயதுப் பெண். ஒரு தனியார் கிளினிக்கில் அவருடைய ரத்தத்திலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்களை நேராகச் சிறுநீரகங்களுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். சிறுநீரகம் தேறவில்லை. பிறகு இடுப்பு வலியும் சிறுநீரில் ரத்தமும் வந்தன. சிறுநீரகத்தில் கட்டிகள், கல்லீரலிலும் அட்ரீனல் சுரப்பியிலும் கூட. இடது சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தபோது, ரத்தக் குழாய்க் கொத்துகளும் மஜ்ஜைச் செல்களும் கலந்த, அதுவரை யாரும் விவரித்திராத வளர்ச்சி உள்ளே இருந்தது. பின்னர் அவர் தொற்றால் இறந்துபோனார். மீசென்கைமல் செல்லும் அவருக்குப் போட்டதும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் "உங்கள் சொந்தச் செல்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவார். இந்தியாவில் 2017-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் முறையான சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம்.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. செல்களை உடலுக்குள் விடாமல், டயாலிசிஸ் வடிகட்டி போன்ற ஒரு குழலுக்குள் வைத்து, நோயாளியின் ரத்தத்தை அதன் வழியாக ஓடவிடும் எஸ்பிஐ-101 என்ற முறை சோதிக்கப்பட்டிருக்கிறது. சுரப்புதான் வேலை செய்கிறது, செல் போய்த் தங்குவதல்ல என்பது தெரிந்த பிறகு இது நியாயமான யோசனை. செல்கள் உதிர்க்கும் நுண்ணிய பைகளை மட்டும் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் வேலையை இத்தாலியின் டுரின் நகரில் கமுஸ்ஸி குழு 2009-இலேயே எலிகளில் தொடங்கியது.

கடைசியாக, எங்கள் வார்டில் நடந்தது ஒன்று. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பைபாஸ் முடிந்த ஒரு பெரியவருக்கு மூன்றாம் நாள் கிரியேட்டினின் 3.4. இரண்டு முறை டயாலிசிஸ் செய்திருந்தோம். மகன் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார்.

"டாக்டர், அப்பாவுக்கு இந்த ஸ்டெம் செல் போட்டா கிட்னி திரும்ப வந்துடுமா? நிலத்தை வித்தாவது கட்டிடறோம்."

"நிலத்தை விக்காதீங்க தம்பி. இதைச் சரியா சோதிச்சுப் பாத்திருக்காங்க. போட்டவங்களுக்குப் பதினைஞ்சு நாள், போடாதவங்களுக்குப் பன்னெண்டு நாள்."

"அப்ப நாம சும்மா இருக்கறதா?"

"சும்மா இல்லை. பிரஷரைப் பாத்துக்கறோம், தண்ணியை அளந்து குடுக்கறோம். கிட்னிக்கு நேரம் குடுக்கறோம்."

அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அன்று முழுக்கக் கட்டில் ஓரத்திலேயே நின்றிருந்தார். அடுத்த சில நாட்களில் நர்ஸுக்கு முன்னால் அவரே குனிந்து கோட்டைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்பதாம் நாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது, நான் சார்ட்டை எடுப்பதற்குள் அவர் சொன்னார்: "டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு 30. நாலு மணிக்கு 45. இப்ப 70."